சின்னவள் வட்டம் போட்ட நாட்கள்

சட்டைக் கம்பெனியில் அவளுக்குக் கழுகக்கா என்று பெயர். வைத்தவர் சூப்பர்வைசர், பாராட்டாகத்தான் வைத்தார். தைத்து முடித்த சட்டைகள் அவள் மேஜைக்கு வரும். காலர், கை, பொத்தான் ஓட்டை, ஓரத்தையல் என்று ஒரு சட்டைக்கு நாற்பது விநாடி. எங்காவது ஒரு தையல் தாண்டியிருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். எல்லாம் சரியாக இருக்கும் கட்டின் மேல் சாக்கட்டியால் ஒரு வட்டம். வட்டம் என்றால் பாஸ். கண்ணை மூடிக்கொண்டு பெட்டியில் அடுக்கலாம். பதினோரு வருஷமாக இதே வேலை. எதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை, பார்த்தாலே போதும் என்பது அவளுடைய கர்வம். அந்தக் கர்வம் கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

வீட்டுக்கும் அதே கண்ணைத்தான் கொண்டுவந்தாள். அந்தக் கண் மூன்று வருஷமாக ஒரே ஆளின் மேல்தான் இருந்தது. அவள் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டில் இவள் பெரியவள், வந்தவள் சின்னவள்.

சின்னவள் வேறு ஆட்கள். வேறு பாஷை, வேறு பழக்கம். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவளைக் கொழுந்தன் பார்த்துவிட்டான். ஒரு கோளாறும் இல்லாத போனை நாலு தடவை ரிப்பேருக்குக் கொடுத்தான். ஐந்தாம் தடவை அவளே சிரித்துவிட்டாள். மாமியார் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள், பசி தாங்கவில்லை, சம்மதித்துவிட்டாள்.

பெரியவளுக்கு முதல் நாளே கண் உறுத்தியது. சின்னவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். தலைமுடியை அவசரமில்லாமல் காயவைத்தாள். காய்ச்சல் வந்தால் கொழுந்தன் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனான், டாக்டர் அறைக்குள்ளேயும் போனான், வெளியே வந்து எந்த மாத்திரை எப்போது என்று ஒப்பித்தான். பெரியவளின் புருஷன் டயர் கடையில் வேலை செய்கிறவன். நல்லவன், அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், ஆனால் மருந்துக் கடை வாசலைத் தாண்டி அவளோடு வந்ததில்லை. அதற்கு அவனைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் ஆட்களில் அப்படித்தான்.

அவர்கள் ஆட்களில் பெண்களுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதையே யாரும் ஒத்துக்கொள்வதில்லை. மாதவிலக்கு வந்தால் தலைவலி என்பார்கள். அந்தத் துணியைக் கொடியில் ஒரு பெரிய துண்டுக்கு அடியில் காயப்போட வேண்டும், வெயிலுக்குக்கூடத் தெரியக்கூடாது. டாக்டரிடம் போவதென்றால் மாமியார் கூட வருவாள். டாக்டர் கேட்கிற கேள்விக்கெல்லாம் மாமியாரே பதில் சொல்லிவிடுவாள். ஆனால் பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஓயாமல் பேசுவார்கள். யாருக்கு எத்தனை, யாருக்கு இன்னும் இல்லை, யாருக்கு அடுத்தது எப்போது என்பதுதான் பேச்சே. பிள்ளை எப்படி வருகிறது, எப்படி வராமல் இருக்கும் என்பது மட்டும் பேச்சில் வராது.

பெரியவளுக்கு ஐந்து வருஷத்தில் மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் இரண்டு பாட்டில் ஏற்ற வேண்டியதாயிற்று. டாக்டரம்மா மாமியாரைக் கூப்பிட்டு, இன்னொன்றை இந்த உடம்பு தாங்காது, பார்த்து நடந்துகொள்ளச் சொல்லுங்கள் என்றார். மாமியார் வெளியே வந்து மகனிடம், பார்த்து நடந்துக்கணுமாம் என்றாள். மகன் தலையை ஆட்டினான். எதைப் பார்ப்பது, எப்படி நடப்பது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் ஒருத்தி ஆபரேஷன் என்று பேச்செடுத்தபோது, எங்கள் வீட்டுப் பெண்கள் மேல் கத்தி பட்டதில்லை என்று மாமியார் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரு நாள் தள்ளிப்போனால் போதும், பெரியவளுக்கு உயிர் போய் உயிர் வரும். சும்மா பயமில்லை, செத்துப்போவோம் என்ற பயம்.

இந்த நிலையில் எதிர் அறையில் ஒருத்தி மூன்று வருஷமாக ஒட்டிய வயிறும் மடிப்பு விழாத இடுப்புமாக வளைய வந்தால் எப்படி இருக்கும்? வயிறு எரிந்தது. சாப்பிடும்போது எரிந்தது, துணி துவைக்கும்போது எரிந்தது. எப்போது பெற்றுக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டால் சின்னவள், வரும்போது வரும் என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே பெரியவளுக்குக் காதில் புகை வரும். எண்ணிப் பெறுகிற ஆட்கள் என்று சின்னவளின் ஆட்களுக்கு ஊரில் பெயர். ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. எப்படித்தான் செய்கிறார்களோ?

எப்படி என்பதற்கு விடை சமையலறைக் கதவுக்குப் பின்னாலேயே தொங்குவதாக அவள் ஒரு நாள் முடிவு கட்டினாள். சின்னவள் வந்த முதல் மாதமே அங்கே ஒரு காலண்டரை மாட்டியிருந்தாள். சில நாட்களுக்குச் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி. அதற்குச் சில நாள் தள்ளி ஆறு நாட்களுக்குப் பென்சிலால் வட்டம். அவள் அம்மா வீட்டில் மூன்று பெண்களும் ஒரே காலண்டரில் மூன்று நிறத்தில் குறித்து வைப்பார்களாம். அப்பா போகிற போக்கில் அதைப் பார்த்துவிட்டு, நாளைக்கு உனக்கு வயிறு வலிக்கும், வெந்நீர்ப் பையை எடுத்து வை என்பாராம். இதை அவள் ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னாள். மாமியாருக்கு அந்த நிமிஷம் காது கேட்காமல் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி விசாரித்தபோது, சிலிண்டர் மாற்றுகிற தேதி என்று சொல்லி வைத்தாள். எங்கள் சின்ன மருமகள் சிலிண்டர் விஷயத்தில் கெட்டி என்று பெருமை வேறு. எந்த வீட்டில் மாதத்துக்கு ஐந்து நாள் சிலிண்டர் தீர்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரியும் கேட்கவில்லை.

சிவப்புக் குறியைப் பற்றி இத்தனை பேசிய சின்னவள் வட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரியவளுக்குச் சொல்ல வேண்டுமா என்ன? அவள் கண் பார்த்தது. வட்டம் போட்ட ஆறு நாளும் கொழுந்தன் மருந்து கோடவுனில் தன் ஷிப்டை யாரிடமாவது மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தான். சாப்பிட்டதும் இருவரும் அறைக்குள் போய்விடுவார்கள். மற்ற நாட்களில் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். ஆக, பயமில்லாமல் சேர்ந்திருக்கிற நாட்கள் இவைதான். பதினோரு வருஷமாக வட்டம் போடுகிறவளுக்கு வட்டத்தின் அர்த்தம் தெரியாதா? பாஸ்.

கேட்டிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை போதும். ஆனால் பெரியவள் போய்ச் சின்னவளிடம் அதைக் கேட்பதா? நாக்கு எழவில்லை. கேட்டால் அவள் சாமர்த்தியத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பது அதைவிடப் பெரிய தடையாக இருந்தது. திருடிக்கொள்வதில் அவளுக்கு அந்தச் சங்கடம் இல்லை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வாரத்தில்தான் வரும். அதை எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தாள். அப்படியானால் அவள் நாட்களே இவள் நாட்கள்.

அதன் பிறகு வட்டம் இல்லாத நாட்களில் கடைசிப் பிள்ளைக்குச் சளி பிடித்தது, பெரியவளுக்கு இடுப்பு பிடித்தது, மறுநாள் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டியிருந்தது. வட்டம் போட்ட நாட்களில் மூன்று பிள்ளைகளும் மாமியாரிடம் படுத்துக்கொண்டன. டயர் கடைக்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் அவன் குறை சொல்லவில்லை. முதல் மாதம் தலைவலி நாள் தவறாமல் வந்தது. இரண்டாம் மாதமும் வந்தது. இவ்வளவு சுலபமான விஷயத்தை வைத்துக்கொண்டா இந்தச் சின்னவள் இத்தனை மினுக்கு மினுக்கினாள் என்று பெரியவளுக்கு இளக்காரமாகக்கூட இருந்தது. இரண்டு மாதமும் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாம் மாதம் வரவில்லை. பத்து நாள் பார்த்தாள், பதினைந்து நாள் பார்த்தாள். ஒரு நாள் மேஜையில் சட்டையை விரித்துப் பிடித்தபடி அதன் மேலேயே வாந்தியெடுத்தாள். நாலு தெரு தள்ளி ஒரு மருந்துக் கடையில் சோதனை அட்டை வாங்கி, கம்பெனி கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். இரண்டு கோடு. கோணல் இல்லாமல், தையல் தாண்டாமல், பளிச்சென்று இரண்டு கோடு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருந்த நேரம், சமையலறையில் சின்னவள் தனியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். காலண்டர் ஆடியது.

"உன் காலண்டர நம்பினேன். இப்ப நான் முழுகாம இருக்கேன்."

சின்னவளுக்குப் புரியவில்லை. என்ன நம்பினீர்கள் என்று கேட்டாள். பெரியவள் எல்லாவற்றையும் கொட்டினாள். ஏமாற்றுக்காரி, உன் கணக்கும் நீயும் என்று திட்டினாள். வட்டம் போட்ட நாளில் மட்டும்தான், மூன்று மாதமாக, ஒரு நாள்கூடத் தப்பவில்லை என்று விரலை நீட்டிக் காட்டினாள். சின்னவள் குழாயை மூடினாள்.

"அக்கா, அது சேர்ந்தா குழந்தை தங்கற நாளு."

பெரியவள் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ஏன் நீ அந்த நாளிலெல்லாம் என்று கேட்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். சின்னவள் முகத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் பார்த்ததெல்லாம் இடுப்பைத்தான்.

சின்னவள் சிரிப்பு மாதிரி ஏதோ செய்தாள். "மூணு வருஷமா வட்டம் போடறேன். நீங்க மூணு மாசம் எட்டிப் பாத்தீங்க." ஈரக் கையைத் துடைக்காமலேயே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் வீட்டில் உடம்பைப் பற்றி எது வேண்டுமானாலும் பேசலாம். ஆசையைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. பிள்ளைக்கு ஏங்குகிறேன் என்று வாயால் சொன்னால் அது இன்னும் தள்ளிப்போகும் என்று அவர்கள் ஆட்களுக்கு ஒரு பயம். பெற்ற தாயிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். பென்சிலால் வட்டம் போடுவதோடு சரி. பெரியவளின் ஆட்கள் பூட்டிவைத்த அறையைச் சின்னவளின் ஆட்கள் திறந்து போட்டிருந்தார்கள். இவர்கள் பூட்டிய அறையில் அவர்கள் காலை நீட்டி உட்கார்ந்து கதை பேசினார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பெண்களுக்கும் இது தெரியவில்லை.

பெரியவள் அந்த இடத்திலேயே வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கம் வந்தது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்ன சந்தோஷம் வந்து போனது. அவளிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது. ஒரு நொடிதான். அதற்குள் வயிற்றில் இருப்பதன் நினைவு வந்து அதை விரட்டிவிட்டது.

புருஷனிடம் சொன்னாள். அம்மாவிடம் கேட்டாயா என்றான். மாமியாரிடம் சொன்னாள். வந்தது வந்துவிட்டது, மூன்றோடு நாலாக வளரட்டும் என்றாள் மாமியார். உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினால், டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நான் ஆறு பெறவில்லையா என்றாள். அதற்கு மேல் பேச ஆள் இல்லை. பெரியவள் வியாழக்கிழமை கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தன்னந்தனியாகக் கிளினிக்குக்குப் போனாள்.

நீளமான பெஞ்சு, சுவரோரம் டோக்கன் பலகை, ஓடாத மின்விசிறி. இருபது நிமிஷம் கழித்து, பின்னாலேயே தொடர்ந்து வந்தவள் போல, சின்னவள் வந்தாள். நாலு நாளாக அவள் பெரியவளிடம் பேசவில்லை, இப்போதும் பேசவில்லை. நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். எதற்கு வந்தாய் என்று பெரியவளும் கேட்கவில்லை. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள்.

நர்ஸ் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டாள். வழக்கமாக மாமியார் சொல்லுகிற பதிலையே பெரியவள் சொன்னாள், இரண்டு மாதம் இருக்கும். நர்ஸுக்கு எரிச்சல் வந்தது. தேதி தெரியாமல் எத்தனை வாரம் என்று எப்படிக் கணக்கிடுவது, கணக்கு தப்பினால் கொடுக்கிற மருந்தும் தப்பும் என்று சத்தம் போட்டாள். சின்னவள் சுவரைப் பார்த்தபடி வாயைத் திறந்தாள்.

"போன மாசத்துக்கு முந்தின மாசம் பதினொண்ணாம் தேதி. அதுக்கு முன்னாடி பதினாலு. அதுக்கு முன்னாடி பதினஞ்சு."

உனக்கு எப்படித் தெரியும் என்று பெரியவள் திரும்பினாள்.

"கொடியில துண்டுக்கு அடியில காயப்போடறீங்களே, அத நான் பாக்காம இருப்பேனா? மாசாமாசம் பாப்பேன். உங்களுக்கு வந்துட்டா அன்னிக்கு எனக்கு நல்லா தூக்கம் வரும். நாலாவதும் உங்களுக்கே போயிடக் கூடாதுன்னு நெனச்சுக்குவேன். போதுமா?"

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னைப் பார்த்து ஒருத்தி மூன்று வருஷமாக வயிறெரிந்திருக்கிறாள். தொளதொளத்த வயிற்றைப் பார்த்து, கலைந்த தலையைப் பார்த்து, காலைக் கட்டிக்கொண்டு அழுகிற பிள்ளைகளைப் பார்த்து. பார்க்கத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கும் ஏதாவது காட்ட வேண்டுமா என்று நர்ஸ் சின்னவளைக் கேட்டாள். சின்னவள் உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, எனக்கு ஒன்றுமில்லை, வரும்போது வரும் என்று பழைய சிரிப்பைச் சிரித்தாள். இந்தத் தடவை பெரியவளுக்குக் காதில் புகை வரவில்லை.

"இவளுக்குக் குழந்தை வேணும்மா. மூணு வருஷமா நாள் எண்ணிக்கிட்டு இருக்கா. என்னன்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல."

மேஜைக்கு அடியில் சின்னவள் அவள் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். அந்தக் கன்றிய தடம் நாலு நாள் இருந்தது.

டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். எட்டு வாரம்தான், மாத்திரையிலேயே கலைத்துவிடலாம், ஆனால் ரத்தம் குறைவாக இருப்பதால் ஒரு நாள் இங்கேயே இருக்க வேண்டும். இனிமேலுக்கு என்ன வழி என்பதையும் அவரே எடுத்தார். காப்பர் டி வைத்தால் இன்னும் ரத்தம் போகலாம். பிரஷர் இருப்பதால் தினம் போடுகிற கருத்தடை மாத்திரையும் ஒத்துக்கொள்ளாது. இவளுக்கு ஆபரேஷன் என்றால் முதலில் உடம்பு தேற வேண்டும். புருஷனுக்குச் செய்வதுதான் எல்லாவற்றிலும் சுலபம், கால்மணி நேர வேலை, வருவாரா என்று கேட்டார். பெரியவளுக்கு அத்தனை வேதனையிலும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆட்களில் அந்த வழக்கம் இல்லை என்றாள். இந்த நாற்காலியில் வந்து உட்காருகிற எல்லா ஆட்களும் இதையேதான் சொல்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. சின்னவளிடம், காலண்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது போதும், இருவரும் பரிசோதனைக்கு வாருங்கள், அவரும் கட்டாயம் வர வேண்டும் என்று தேதி கொடுத்து அனுப்பினார்.

பெரியவள் ஒரு நாள் கிளினிக்கில் கிடந்து வீட்டுக்கு வந்தாள். சின்னவள்தான் கூட இருந்தாள், துணி மாற்றினாள், டீ வாங்கிக் கொடுத்தாள். அதிகம் பேசவில்லை. கிள்ளியதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை. மாமியார் பெரியவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் கேட்டபோது தலைவலி என்று சொன்னாள்.

அடுத்த வியாழக்கிழமை பெரியவள் ஹாலில் பாயில் படுத்திருந்தாள். கொழுந்தன் ஏதோ வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவன் போலத் தலையை வாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்தான். முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. இருந்தாலும் போனான். சின்னவள் வாசலில் செருப்பு மாட்டும்போது தடுமாறாமல் இருக்க அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள்.

தொலைந்துபோனது என்று பெரியவள் நினைத்திருந்த வயிற்றெரிச்சல் திரும்பி வந்து பாயில் பக்கத்தில் படுத்துக்கொண்டது. மூன்று வருஷமாக அதை அவள் விழுங்கித்தான் வந்திருக்கிறாள். அன்றைக்கு விழுங்குவதற்கு உடம்பில் தெம்பில்லை. புருஷன் கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சமையலறையில் மாமியார் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க தம்பி பொண்டாட்டியப் பாத்து எனக்கு மூணு வருஷமா வயிறு எரியுது. அவ உடுப்புக்கு இல்ல, இடுப்புக்கு இல்ல. அவ கூட அவ புருஷன் போறாரு. அதுக்கு."

அவன் கை தட்டிலேயே நின்றது. பெரியவள் நிறுத்தவில்லை. டாக்டரம்மா அவனைக் கூப்பிட்டிருப்பதையும், எதற்கு என்பதையும், எந்த இடத்தில் எவ்வளவு சின்னதாக வெட்டுவார்கள் என்பதையும் கேட்ட வார்த்தைகளிலேயே சொன்னாள். அந்த வீட்டு ஹாலில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தைகள் அவை. இன்னொரு தடவை நான் முழுகாமல் இருந்தால் பிள்ளைகளுக்கு அம்மா இருக்க மாட்டாள் என்றாள். மாமியாருக்கு இந்த முறை காது நன்றாகக் கேட்டது. நம்ம ஆளுங்கள்ல ஆம்பளைங்க அதெல்லாம் பண்ணிக்கிறதில்லை என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவன் தலை தானாகச் சமையலறைப் பக்கம் திரும்பியது.

"அத்தையப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க."

பார்த்தான். வெளுத்த உதட்டையும் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தையும் பார்த்தான். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அத்தனை நேரம் அவன் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவன் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, அடுத்த வியாழக்கிழமை கடையில் லீவு சொல்லிவிடுகிறேன் என்றான்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "வலிக்குமா?" என்று கேட்டான்.

மூன்று பிரசவத்திலும், போன வாரத்திலும், அந்த ஒரு வார்த்தையை அவன் அவளிடம் கேட்டதே இல்லை.